கணக்கும் குற்றமும்: உத்திரமேரூர்க் கல்வெட்டு வழியே ஒரு நீதிநெறி

காஞ்சி மாநகருக்குத் தெற்கே, ஏரிகளும் நெல்வயல்களும் சூழ்ந்த உத்திரமேரூரை அறியாத தமிழர் அரியர். பள்ளிப் பாடநூலில் குடவோலை முறையைக் கற்ற நாள் முதலாகவே அவ்வூரின் பெயர் நம் நெஞ்சில் பதிந்துவிடுகிறது. அங்குள்ள வைகுந்தப் பெருமாள் கோயில் மண்டபச் சுவரில், முதற் பராந்தக சோழனின் 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளில், பொறிக்கப்பெற்ற இரு கல்வெட்டுகள் உள்ளன. 1898ஆம் ஆண்டில் கல்வெட்டுத் துறையினர் அவற்றைப் படியெடுத்தனர். கல்வெட்டறிஞர் வெங்கையா அவற்றை ஆராய்ந்து எழுதிய பின்னர் அவ்வூரின் புகழ் எங்கும் பரவியது.

இக்கல்வெட்டுகளைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும், வாரிய உறுப்பினர் எவ்வாறு தேர்ந்தெடுக்கப்பட்டனர் என்னும் பகுதியோடு நிறுத்திக்கொள்கின்றனர். எவரைத் தேர்ந்தெடுக்கலாகாது என்று கூறும் பகுதி அதைவிட நீளமானது, கடுமையானதும் ஆகும். குற்றம், பொறுப்பு, பழி ஆகியவற்றைப் பற்றி அக்கால மக்கள் எண்ணியதை அறிய அப்பகுதியே நமக்குத் துணைசெய்கிறது.

இன்றைய குற்றவியல் சட்டத்தின் அடிப்படை நெறி ஒன்று உண்டு. குற்றம் மெய்ப்பிக்கப்படும் வரை, குற்றம் சாட்டப்பட்டவரைக் குற்றமற்றவராகவே கருத வேண்டும் என்பது அது. மெய்ப்பிக்கும் சுமை சாட்டுபவரையே சாரும். ஐயம் எஞ்சுமாயின் அதன் பயன் சாட்டப்பட்டவருக்கே சேரும். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட உத்திரமேரூர்க் கல்வெட்டு இந்நெறிக்கு இசைவானதா, மாறானதா? இவ்வினாவிற்கு விடை தேடும்போது, அறநிலையங்களையும் அறக்கட்டளைகளையும் நடத்தும் நம்மனோர்க்கு மிகவும் வேண்டிய வேறுபாடு ஒன்று புலப்படுகிறது. கணக்குக் கேட்பது வேறு. குற்றம் சாட்டுவது வேறு. குற்றம் மெய்ப்பிக்கப்படுவது இவ்விரண்டினும் வேறு.

கல் விதித்த தகுதியின்மைகள்

உத்திரமேரூர் அக்காலத்தில் அந்தணர்க்கு அளிக்கப்பட்ட பிரமதேயம். நிலமும் சொந்த மனையும் வேதக்கல்வியும் உடைய ஆடவரே அச்சபையின் வாரியங்களுக்கு உரியவர். பெண்டிரும் பிற வகுப்பினரும் அங்கே வாக்கு உடையவர் அல்லர். இவ்வெல்லையை மறந்து அதனை இன்றைய மக்களாட்சியோடு ஒப்பிடுவது பொருந்தாது. அவ்வெல்லைக்குள் அவர்கள் வகுத்த விதிகளோ வியக்கத்தக்க நுட்பம் உடையவை.

35 வயதிற்கு மேற்பட்டு 70 வயதிற்கு உட்பட்டவராதல் வேண்டும். கால் வேலி இறைநிலம் உடையவராதல் வேண்டும். கடந்த மூன்றாண்டுகளில் வாரியம் செய்யாதவராதல் வேண்டும். இத்தகுதிகளைக் கூறிய பின்னர்த் தகுதியற்றோரின் பட்டியல் தொடங்குகிறது. எந்த வாரியத்திலேனும் இருந்து கணக்குக் காட்டாதவர் முதற்கண் விலக்கப்படுகின்றனர். பெரும்பாதகம் செய்தோர், பிறர் பொருளைக் கவர்ந்தோர், கழுதைமேல் ஏற்றப்பட்டோர், கூடலேகை செய்தோர் ஆகியோரும் விலக்கப்படுகின்றனர். கூடலேகை என்பது பொய்யாவணம் புனைதல். தத்துவார்த்த சூத்திரத்தில் வாய்மை என்னும் அணுவிரதத்திற்கு நேரும் ஐந்து பிழைகளுள் ஒன்றாகக் கூறப்படும் கூடலேகக் கிரியையும் இதுவே. பிரமதேயச் சபையின் சட்டமும் சமண இல்லறத்தாரின் விரதமும் ஒரே குற்றத்தை ஒரே சொல்லால் சுட்டுவது எண்ணி மகிழத்தக்கது.

இவ்விதிகளில் ஒன்றை நாம் கூர்ந்து நோக்க வேண்டும். வாரியம் செய்துகொண்டிருப்பவரிடம் அபராதம் கண்டபோது அவரை நீக்க வேண்டும் என்று 921ஆம் ஆண்டுக் கல்வெட்டு கூறுகிறது. பதவியில் அமர்ந்தவர் ஆண்டு முடியும் வரை அசைக்கப்படாதவர் என்னும் எண்ணம் அச்சபைக்கு இல்லை. ஆயினும் நீக்கத்திற்குக் காரணமாகச் சொல்லப்பட்டது அபராதம் பற்றிய பேச்சு அன்று. அது காணப்படுதல் ஆகும். காண்பவர் யார், எவ்வகைச் சான்றால் காண்பார் என்பதைக் கல் விரித்துரைக்கவில்லை. குற்றத்தைப் பெயரிட்டுக் கூறிய கல், அதனை மெய்ப்பிக்கும் வழியைக் கூறாமல் விட்டது. பிற்கால நீதிநெறியெல்லாம் அந்த இடைவெளியை நிரப்ப எழுந்ததே எனலாம்.

கணக்கு யாருடைய கடமை?

கணக்குக் காட்டாதவரை விலக்குவது அவரைத் திருடர் என்று தீர்ப்பதாகாதா? ஆகாது. பொதுப்பொருளைத் தன் கையில் ஏற்றவரிடமே அதன் வரவும் செலவும் பற்றிய அறிவு இருக்கிறது. பொருளைக் கொடுத்த ஊரார் அதனை அறியார். ஆகவே கணக்குக் காட்டுதல் அவருடைய கடமை. ஊர்க்கணக்கனைப் பற்றிய விதி இதனை இன்னும் தெளிவாக்குகிறது. அவன் எழுதிய கணக்கை அவனே பெருமக்கள்முன் காட்ட வேண்டும். காட்டிச் சுத்தன் ஆன பின்னரே மீண்டும் கணக்கு எழுதும் பணியை ஏற்கலாம். சுத்தன் என்னும் அச்சொல்லின் அருமையை நோக்குக. கணக்குக் காட்டும் நாள் ஒருவரைக் குற்றவாளியாக்கும் நாள் அன்று. அவர் தூயர் என்று ஊர் அறியும் நாளே அது.

இவ்விடத்தில் எச்சரிக்கையும் வேண்டும். தானறிந்ததைத் தானே விளக்க வேண்டும் என்னும் கடமையை, தன் குற்றமின்மையைத் தானே மெய்ப்பிக்க வேண்டும் என்னும் சுமையாக மாற்றிவிடல் எளிது. 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 106ஆம் பிரிவு, ஒருவர் மட்டும் சிறப்பாக அறிந்த செய்தியை மெய்ப்பிக்கும் சுமை அவரையே சாரும் என்று கூறியது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய சாட்சிய அதினியத்தில் இதுவே 109ஆம் பிரிவு. இப்பிரிவின் எல்லையை உச்ச நீதிமன்றம் 1956ஆம் ஆண்டில் ஒரு சிறு வழக்கில் வரையறுத்தது.

அஜ்மீரில் தந்தித் துறையைச் சேர்ந்த முகாம் எழுத்தர் ஒருவர், 1948ஆம் ஆண்டின் இரு பயணங்களுக்கு இரண்டாம் வகுப்பு இரயில் கட்டணம் பெற்றுக்கொண்டு, அவ்வகுப்பில் பயணம் செய்யவில்லை என்று குற்றம் சாட்டப்பட்டார். பயணச்சீட்டு வாங்கினாரா என்பது அவருக்கே தெரியும்; ஆகவே அவரே மெய்ப்பிக்கட்டும் என்று அரசுத் தரப்பு வாதிட்டது. நீதிபதி விவியன் போஸ் எழுதிய தீர்ப்பு இதனை ஏற்கவில்லை. இரயில்வேயின் ஏடுகளைக் கொண்டு அரசே அதனை நிறுவ முயன்றிருக்கலாம். குற்றத்தை நிறுவும் முதற்கடமையிலிருந்து அரசை விடுவிப்பதற்காக அப்பிரிவு ஏற்படவில்லை என்பது அத்தீர்ப்பின் சாரம். ஒரு பயணப்படியின் பொருட்டு நாட்டின் உயர்ந்த நீதிமன்றம் இத்துணை நுணுகி ஆராய்ந்தது. அந்த எழுத்தரிடம் அவருடைய மேலதிகாரி விளக்கம் கேட்டிருக்கலாம், அது நிருவாகம். அவரைச் சிறையிலடைக்க வேண்டுமாயின் மெய்ப்பிக்க வேண்டியவர் சாட்டியவரே.

விரிந்த ஐந்து விரல்கள்

குடவோலை எடுக்கும் காட்சி இவ்வேறுபாட்டிற்கு அழகிய விளக்கமாகும். முப்பது குடும்புகளிலிருந்தும் பெயர் எழுதிய ஓலைகள் வந்துசேர்கின்றன. சிறியோரும் பெரியோரும் அடங்கிய சபை கூடுகிறது. அன்று ஊரிலுள்ள கோயில் நம்பிமார் எவரும் விலகாமல் மண்டபத்தில் அமர்த்தப்படுகின்றனர். அவருள் மூத்தவர் குடத்தை எல்லோரும் காணத் தூக்கிப் பிடிக்கிறார். உள்ளிருப்பது இன்னதென்று அறியாத சிறுவன் ஓலையை எடுக்கிறான். மத்தியஸ்தன் என்னும் நடுவன் ஐந்து விரல்களையும் அகல விரித்து, உள்ளங்கையில் அதனை ஏற்கிறான். அவன் வாசித்த பெயரை நம்பிமார் அனைவரும் வாசிக்கின்றனர்.

ஐந்து விரல்களையும் விரிக்கச் சொன்னது ஏன்? நடுவன் கள்வன் என்று எவரும் கூறவில்லை. விரல்களை மூடினால் ஓலையை மாற்ற இடமுண்டு. இடமுண்டு என்பதனாலேயே நாளை எவரேனும் பழி கூறலாம். விரித்த கை ஊரை வஞ்சகத்தினின்று காக்கிறது. நடுவனை வீண்பழியினின்று காக்கிறது. நன்கு அமைந்த விதிமுறை நேர்மையாளர்க்குக் கவசமாகும் என்பதை இதனினும் தெளிவாகக் காட்டுதல் அரிது.

மதுரையில் நடவாத விசாரணை

கணக்குக் கேட்கும் நெறியை உத்திரமேரூர் கற்பிக்கிறது. குற்றம் சாட்டப்பட்டவரை நடத்தும் நெறியைக் கற்க நாம் மதுரைக்குச் செல்ல வேண்டும். இளங்கோவடிகள் அருளிய சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதை, குற்றவியல் சட்டம் பயில்வோர் அனைவரும் படிக்கத்தக்க பகுதி.

சிலம்பில் ஒன்றை விற்கச் சென்ற கோவலன் அரண்மனைப் பொற்கொல்லனைச் சந்திக்கிறான். அரசியின் சிலம்பைத் தானே கவர்ந்திருந்த பொற்கொல்லன், தன் குற்றத்தை மறைக்க நல்வாய்ப்பு வந்ததென மகிழ்கிறான். அரசியின் ஊடலைத் தணிக்க விரைந்துகொண்டிருந்த பாண்டியனிடம் சென்று, சிலம்பு திருடிய கள்வன் தன் குடிலில் இருப்பதாகக் கூறுகிறான். அரசன் தன் காவலரை அழைத்து, சிலம்பு அக்கள்வன் கையில் இருக்குமாயின் அவனைக் கொன்று அதனைக் கொண்டுவருமாறு ஆணையிடுகிறான்.

அவ்வாணையில் இருக்குமாயின் என்னும் நிபந்தனை உள்ளது. அரசன் ஆராயாமல் கூறிவிடவில்லை என்று கூட ஒருவர் வாதிடலாம். ஆனால் அந்நிபந்தனை ஆராய்வது யாதினை? சிலம்பு கையில் இருக்கிறதா என்பதை மட்டுமே. அது அரசியின் சிலம்புதானா, அவன் கைக்கு எவ்வாறு வந்தது என்னும் இரு வினாக்களும் கேட்கப்படவே இல்லை. விசாரணைக்கு முன்னரே அவன் கள்வன் என்று பெயரிடப்பட்டுவிட்டான்.

இன்றைய சட்டமும் திருட்டுப் பொருள் கையிலிருப்பதைப் புறக்கணிப்பதில்லை. பொருள் களவுபோன சிறிது காலத்திற்குள் அது ஒருவர் கையில் இருந்து, அது வந்த வகையை அவர் விளக்க இயலாவிடின், அவர் திருடர் என்றோ திருட்டுப்பொருளைத் தெரிந்தே பெற்றவர் என்றோ நீதிமன்றம் ஊகிக்கலாம். பழைய சட்டத்தின் 114ஆம் பிரிவும் புதிய சட்டத்தின் 119ஆம் பிரிவும் இதனை எடுத்துக்காட்டாகத் தருகின்றன. ஊகிக்கலாம் என்பதே சட்டத்தின் சொல். ஊகித்தே ஆக வேண்டும் என்பதில்லை. அது திருட்டுப் பொருளே என்பது முதலில் நிறுவப்பட வேண்டும். கையில் வைத்திருந்தவருக்கு விளக்கம் கூற வாய்ப்பளிக்க வேண்டும். கோவலனுக்கு இரண்டும் கிட்டவில்லை.

காவலருள் சிலர் அவன் தோற்றத்தைக் கண்டு, இவன் கொலைக்குரியன் அல்லன் என்று தயங்கினர். ஐயம் எழுந்த இடம் அதுவே. அவ்வையத்தின் பயன் அவனுக்குச் சேர்ந்திருக்க வேண்டும். பொற்கொல்லனோ நகைத்து, கள்வர்க்குத் துணையாவன மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என எட்டு என்று விரித்துரைத்தான். பழைய களவுக் கதைகளையும் எடுத்துக் கூறினான். குற்றம் சாட்டியவனே வல்லுநர் சாட்சியாகவும் ஆனான். அவன் கூறிய கலையறிவு பொதுவாகக் கள்வரைப் பற்றியது. எதிரே நின்ற மனிதனைப் பற்றிய சான்று அதில் ஒன்றும் இல்லை. முடிவில் கல்லாத களிமகன் ஒருவன் வாளை வீசினான். வழக்கு முடிந்தது.

பின்னர் வழக்குரை காதையில் கண்ணகி செய்தது ஓர் எளிய சோதனை. தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்றாள். அரசியின் சிலம்பின் பரல் முத்து என்றான் அரசன். சிலம்பு உடைந்தது, மாணிக்கம் தெறித்தது. அரண்மனைச் சிலம்பில் இருப்பது முத்து என்பதை அரசன் முன்பே அறிவான். கொல்லுமுன் செய்ய ஒரு நொடி போதுமான சோதனையை, கொன்றபின் கைம்பெண்ணான ஒருத்தி வந்து செய்ய நேர்ந்தது. சாட்டியவர் சுமக்க வேண்டிய சுமையைச் சாட்டப்பட்டவன் மனைவி சுமந்தாள். உண்மை உணர்ந்த பாண்டியன் உயிர்நீத்தான். இருவரையும் மதுரை வரை வழித்துணையாக அழைத்துவந்த கவுந்தியடிகள் செய்தியறிந்து உண்ணாநோன்பிருந்து உயிர் துறந்தார். திருந்திய அரசனும் போன உயிரை மீட்க இயலவில்லை. மெய்ப்பிக்கும் முன் தண்டிக்கலாகாது என்பதற்கு இதனினும் வலிய காரணம் வேண்டுவதில்லை.

ஊர்ச்சபைகளின் தீர்ப்புகள்

காப்பியம் காட்டிய இப்பாடத்தைச் சோழர் காலத்து ஊர்ச்சபைகள் சில வழக்குகளில் பின்பற்றியதைக் கல்வெட்டுகள் காட்டுகின்றன. வேட்டையில் எய்த அம்பு குறிதவறி மனிதர்மேல் பட்டு உயிர் போன நிகழ்ச்சிகள் உண்டு. எய்தவர் கொல்லும் கருத்து உடையவர் அல்லர் எனக் கண்ட சபைகள், உயிருக்கு உயிர் என்று தீர்ப்பளிக்கவில்லை. இறந்தவர் பொருட்டுக் கோயிலில் நந்தாவிளக்கு எரிக்க ஆடுமாடுகள் கொடுக்குமாறு பணித்தன. செயலை மட்டும் கண்டு முடிவு செய்யாமல் கருத்தையும் ஆராய்ந்தன.

வேறொரு கல்வெட்டு துயரமான செய்தியைக் கூறுகிறது. வரி கேட்ட ஊர் அலுவலன் ஒருவனிடம், தான் அவ்வரிக்கு உரியவள் அல்லள் என்று ஒரு பெண் மறுத்தாள். அவன் அவளை மெய்யறியும் கடுஞ்சோதனைக்கு உட்படுத்தினான். அவமானம் பொறாத அவள் நஞ்சுண்டு மாண்டாள். பல திசை மக்களும் கூடி ஆராய்ந்து, அவ்வலுவலனே குற்றவாளி எனத் தீர்த்து, கோயில் விளக்கிற்குப் பொருள் தரச் செய்தனர். கடனில்லை என்பதை அவளே மெய்ப்பிக்கட்டும் என்று சுமையை மாற்றியவன் பொறுப்பேற்க நேர்ந்தது. தண்டனை சிறிதே, ஆயினும் குற்றம் யாருடையது என்பதில் அச்சபை தடுமாறவில்லை.

இங்கிலாந்து இந்நெறியை ஐயத்திற்கு இடமின்றி நிலைநாட்டியது 1935ஆம் ஆண்டில்தான் என்பதை அறிந்தால் வியப்பு மிகும். தன் கையிலிருந்த துப்பாக்கி தவறுதலாக வெடித்து மனைவி இறந்தாள் என்று கூறிய உல்மிங்டன் என்னும் இளம் பண்ணைத் தொழிலாளி தூக்குத்தண்டனை பெற்றிருந்தார். தவறுதலே என்பதை அவரே மெய்ப்பிக்க வேண்டும் என்று விசாரணை நீதிபதி கூறியிருந்தார். பிரபுக்கள் சபை அதனைத் தவறு என்று கூறி அவரை விடுவித்தது. குற்றத்தை மெய்ப்பிப்பது அரசின் கடமை என்பது ஆங்கிலக் குற்றவியல் சட்டம் முழுவதிலும் ஓடும் பொன்னிழை என்று சாங்கி பிரபு உருவகித்தார்.

உறவினர் செய்த குற்றம் யாது?

உத்திரமேரூர்க் கல்வெட்டில் இன்று நாம் ஏற்க இயலாத பகுதியையும் மறைக்காமல் கூறல் வேண்டும். கணக்குக் காட்டாதவரோடு அவ்விலக்கு நிற்கவில்லை. அவருடைய தந்தை, மகன், உடன்பிறந்தான், சிற்றன்னை பேரன்னை மக்கள், அத்தை மாமன் மக்கள், மாமனார், மருமகன், மைத்துனன் என உறவு முழுவதும் விலக்கப்படுகிறது. பதவியைச் சுற்றத்துக்குள் கைமாற்றிக் குற்றத்தை மூடிவிடாமல் தடுப்பதே அதன் நோக்கமாக இருந்திருக்கலாம். அந்நோக்கம் விளங்கக்கூடியது. ஆயினும் அத்தை மகன் காட்டாத கணக்கிற்கு ஒருவர் என் செய்வார்?

பதவி மறுப்போடு நின்றிருந்தால் அதனைப் பொறுக்கலாம். அதே உறவுப் பட்டியல் தண்டனைக்கு வந்தபோது கொடிதாயிற்று. ஆதித்த கரிகாலன் கொலை தொடர்பாக, முதலாம் இராசராசனின் 2ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த உடையார்குடிக் கல்வெட்டு, துரோகிகள் எனப்பட்ட உடன்பிறந்தாரோடு அவர்தம் மக்கள், மனைவியர், தாயர் முதலிய சுற்றத்தாரின் நிலங்களும் பறிக்கப்பட்டதைக் கூறுகிறது. சிலப்பதிகாரமும் இத்தகைய செய்தி ஒன்றைச் சொல்கிறது. ஒரு பொற்கொல்லன் செய்த வஞ்சகத்திற்கு ஈடாகக் கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன் ஆயிரம் பொற்கொல்லரைப் பலியிட்டான் என்கிறது அந்நூல். ஆராயாமல் கொன்ற பாவத்தைக் கழுவ ஆராயாமல் ஆயிரவரைக் கொன்றனர்! கோவலன் ஒருவனுக்காக நாம் சிந்தும் கண்ணீரில் ஒரு துளியேனும் அவ்வாயிரவருக்கு உரியது.

இது பழங்காலத்தோடு ஒழிந்ததும் அன்று. 1871ஆம் ஆண்டில் ஆங்கிலேய அரசு குற்றப் பழங்குடிச் சட்டம் இயற்றியது. 1911ஆம் ஆண்டின் சட்டத்தின்வழி அது சென்னை மாகாணத்திலும் நடைமுறைக்கு வந்தது. ஒரு குலத்தில் பிறந்ததே குற்றத்திற்குச் சான்றாயிற்று. கைரேகை பதித்தலும் இரவில் காவல் நிலையத்தில் முகம் காட்டுதலும் மக்கள்மேல் சுமத்தப்பட்டன. 1920 ஏப்ரல் 3 அன்று மதுரை மாவட்டம் பெருங்காமநல்லூரில் இப்பதிவை எதிர்த்த மக்கள்மேல் துப்பாக்கிச்சூடு நடந்து பலர் மாண்டனர். சென்னை மாகாணத்தில் 1947இலும் நாடு முழுவதும் 1952இலும் அச்சட்டம் நீக்கப்பட்டது. உறவாலும் பிறப்பாலும் குற்றம் வாராது என்னும் தெளிவை எய்த நாம் இத்துணைக் காலம் கடக்க வேண்டியிருந்தது.

இன்றைய நிலை

1948ஆம் ஆண்டின் உலக மனித உரிமைகள் சாற்றுரையின் 11ஆம் உறுப்பு, குற்றம் மெய்ப்பிக்கப்படும் வரை குற்றமற்றவராகக் கருதப்படும் உரிமையை ஒவ்வொருவர்க்கும் அளிக்கிறது. நம் அரசமைப்பில் அந்நெறி வெளிப்படையான சொற்களால் கூறப்படவில்லை. ஆயினும் உயிரையும் உரிமையையும் காக்கும் 21ஆம் உறுப்பின் வழியே நீதிமன்றங்கள் அதனைப் போற்றி வருகின்றன. சான்றுகள் இரு முடிவுகளுக்கு இடந்தருமாயின், குற்றம் சாட்டப்பட்டவர்க்குச் சாதகமான முடிவையே ஏற்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1973ஆம் ஆண்டில் காளிராம் வழக்கில் உரைத்தது.

பதவிக்கும் தண்டனைக்கும் உள்ள வேறுபாடு இன்றும் நம்முன் நிற்கிறது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 8ஆம் பிரிவு, குற்றவாளி எனத் தீர்க்கப்பட்டவரையே தேர்தலில் நிற்கத் தகுதியற்றவர் ஆக்குகிறது. குற்றச்சாட்டு பதிவான நிலையிலேயே ஒருவரை விலக்கலாமா என்னும் வினா 2018ஆம் ஆண்டில் அரசமைப்பு அமர்வின்முன் வந்தது. அவ்வாறு புதிய விலக்கை நீதிமன்றம் ஏற்படுத்த இயலாது. அது நாடாளுமன்றத்தின் பணி என்று அவ்வமர்வு கூறியது. ஆயினும் வேட்பாளர் தம்மேலுள்ள வழக்குகளை மக்களறிய வெளியிட வேண்டும் என்று பணித்தது. இதுவும் விரித்த கை போன்ற ஏற்பாடே. பழி தீர்ப்பாகிவிடவில்லை, மறைவும் இல்லை.

சட்டத்தில் நெறி இருந்தும் நடைமுறையில் துன்பம் குறையவில்லை. 2022ஆம் ஆண்டின் இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் தெரிவிக்கிறது. நூற்றுவருள் ஏறத்தாழ எழுபத்தாறு பேர்! சட்டத்தின் கண்ணில் அவர்கள் குற்றமற்றவர்கள். அவருள் பலர் பிணைத்தொகை கட்ட வழியற்ற ஏழைகள். பின்னொரு நாள் விடுதலை பெறுவோர்க்கு, இழந்த ஆண்டுகளைத் திருப்பித்தர எந்த நீதிமன்றத்தாலும் இயலாது.

நம் சபையில் நாம்

முதற் பராந்தகனின் ஆட்சியிலேயே, கி.பி. 945இல், உத்திரமேரூர் வட்டாரத்தை அடுத்த ஆனந்தமங்கலத்தில் ஜினகிரிப்பள்ளி என்னும் சமணப்பள்ளி விளங்கியது. அங்கே அடிகள் ஒருவர்க்கு நாள்தோறும் உணவளிக்க வர்த்தமானப் பெரியடிகள் பொன் கொடுத்த செய்தியைப் பாறைக் கல்வெட்டு கூறுகிறது. கொடுத்தவர் மறைந்த பின்னரும் அறம் தொடர வேண்டுமாயின், அப்பொன்னை ஏற்றவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கணக்குக் காட்ட வேண்டும். இன்று நாம் நடத்தும் ஒவ்வோர் அறக்கட்டளையும் அந்நம்பிக்கையின் மேலேயே நிற்கிறது.

ஆகவே ஆண்டுக் கூட்டத்தில் ஓர் உறுப்பினர் எழுந்து வரவுசெலவைக் கேட்பாராயின், பொறுப்பாளர் சினம் கொள்ளலாகாது. அவ்வினா உத்திரமேரூர்க் கணக்கனுக்குக் கிடைத்த வாய்ப்பைப் போன்றது. சுத்தர் என்று அறியப்படும் வாய்ப்பு அது. கேட்பவரும் கணக்கில் ஒரு சீட்டுக் காணாதபோதே பொருள் களவுபோயிற்று என்று ஊரில் பேசலாகாது. சீட்டுத் தவறியிருக்கலாம், கூட்டல் பிழைத்திருக்கலாம். உண்மையிலேயே களவு நேர்ந்திருப்பினும், அதனைத் தீர்க்கும் இடம் நீதிமன்றமே அன்றித் திண்ணையோ கைப்பேசிக் குழுவோ அன்று. பொருள் ஒன்று காணாமற்போனால் முதலில் நம் கண் யார்மேல் திரும்புகிறது? பணிசெய்யும் ஏழையின்மேல் அன்றோ? பொற்கொல்லன் கூறிய எட்டுத் துணைகளை நாம் அவ்வேழையின் முகத்தில் தேடுகிறோம்.

சமண நூல்கள் எண்ணும் பதினெட்டுப் பாவத்தானங்களுள் அப்பியாக்கியானம் ஒன்று. பிறர்மேல் பொய்க்குற்றம் சுமத்துதல் என்பது அதன் பொருள். கொலையும் களவும் நிற்கும் வரிசையிலேயே அதுவும் நிற்கிறது. ஒரு பொருளைப் பல பக்கத்தினின்றும் நோக்க வேண்டும் என்னும் அநேகாந்தக் கொள்கை தத்துவ விவாதத்திற்கு மட்டும் உரியதன்று. குற்றம் சாட்டப்பட்டவர் பக்கத்தையும் கேட்டபின் முடிவு செய்தல் அதன் அன்றாடப் பயன்.

உத்திரமேரூர்க்குச் செல்லும் அன்பர்கள் வைகுந்தப் பெருமாள் கோயில் மண்டபத்தின்முன் சிறிது நேரம் நின்று, அவ்வெழுத்துகளைப் பொறித்தோரை நினைத்துப் பார்க்க வேண்டுகிறோம். கணக்குக் காட்டுக என்று கேட்கும் துணிவை அவர்களிடம் கற்போம். உறவின்மேல் பழி ஏற்றிய அவர்தம் பிழையை விலக்குவோம். மாணிக்கமா முத்தா என்று பாராமல் வாளெடுக்க விட்ட மதுரையை மறவாதிருப்போம். பிறரைக் குற்றவாளி என்று கூற நா எழும்போதெல்லாம், மெய்ப்பிக்க என்னிடம் யாது உளது என்று நம்மையே ஒருமுறை வினவிக்கொள்ளுதல் இத்திருவிழா நாளில் நாம் மேற்கொள்ளத்தக்க ஒரு சிறு நோன்பாகும்.